கேக்கினம்

பீல் ரயில் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை.
மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுதென்று
இரண்டு மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
மணிக்கு இவ்வளவென்று காசு வாங்கி
ஒரு வாயின் சொல்லை இன்னொரு காதில் ஊற்றுகிறவன் நான்.
என் கருத்தைச் சொல்லக் கூடாது. யாரும் கேட்பதுமில்லை.

அம்மாவுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டது.
மதுஷனுக்கு நான் தேவையில்லை.
பத்து வயது. இந்த ஊர் ஜெர்மன்
அவன் நாக்கில் சும்மா வழுக்கிக்கொண்டு போகும்.
வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம்
ஏழு வயதிலிருந்தே அவன்தான் வாசித்துச் சொன்னவன்:
காப்புறுதி, கரண்ட் பில், வாடகை எச்சரிக்கை.
பிறகு, அம்மா கட்டிலைவிட்டு எழும்பாத அந்த மாரியில்,
தன்னை வேறொரு வீட்டில் வைக்கப்போகும் கடிதத்தையும்.
கடைசிப் பந்தியை மட்டும் விட்டுவிட்டானாம்.

திருமதி ஸ்பிண்டன் ஒரு சொல்லைச் சொன்னார்.
வேறொன்றும் கைக்கு வராமல்
'விசாரணை' என்றேன்.
அம்மாவின் கை ஜாக்கெட்டின் சிப்பை இறுக்கிப் பிடித்தது:
"ஏன், என்ர பிள்ளை என்ன களவெடுத்தவனே?"

"விசாரணை இல்லை அம்மா," என்றான் மதுஷன்.
"கேக்கினம்."

இருபத்தொரு வருடம் இதே தொழில்.
எனக்கு வராத சொல்.
கேட்பதென்றால் கேள்வி, கேட்பதென்றால் காது,
கேட்பதென்றால் அடங்கி நடப்பதும்தான்.
சொன்னால் கேட்கிற பிள்ளை என்று
எத்தனை தலைகளைத் தடவியிருக்கிறேன்.
பிள்ளை சொல்ல, கேட்கிற ஆட்களை
என்னவென்று மெச்சுவது?
நம்மிடம் வழக்கில் இல்லை.

கதவைச் சாத்தினார்கள். அவனும் அவரும் உள்ளே.
நாற்பது நிமிடம்.
தண்ணீர் மெஷின் இருமிக்கொண்டிருந்தது.
"என்னவாம் சொல்லுவான்?" என்றாள் அம்மா.
நான் கையை விரித்தேன்.

அவன் சம்மதித்ததை மட்டும்
திருமதி ஸ்பிண்டன் வாசித்தார். நான் தமிழில் சொன்னேன்.
புதன்கிழமைப் பந்தாட்டத்தை மாற்றக் கூடாது.
லீஸில் இருக்கும் அந்த வீட்டில் நாய் நல்லது. சோறு குழைந்துபோகிறது.
அம்மாவா அவர்களா என்று தன்னிடம் கேட்கக் கூடாது.
பெரியவர்கள் முடிவெடுக்கட்டும், ஆனால்
பை கட்டுவதற்கு முன்னம் தனக்குச் சொல்ல வேண்டும்.
வாயால் சொல்ல வேண்டும்.
கடிதம் அனுப்பினால்
அதையும் தானேதான் வாசித்துக் காட்ட வேண்டி வரும்.

அம்மா கனநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என்னிடம், "அந்த நாய்க்கு என்ன பேர் எண்டு கேளுங்கோ."

நான் ஜெர்மனில் வாயெடுக்க முதல்
அவன் தமிழில் தொடங்கிவிட்டான்.
பெயர், நிறம், ஒரு காது மடங்கி இருப்பது,
ராவில் தன் சப்பாத்தில் தலைவைத்துப் படுப்பது.
அம்மா இடையில் ஏதோ கேட்டாள். அவன் கேட்டான்.
எனக்கு வேலை இருக்கவில்லை.

முடிவு வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள்.
படியிறங்கும்போது
அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை
பில்லில் போடுவதா விடுவதா என்று
யோசித்துக்கொண்டு வந்தேன்.