சணல்

கண்டனூர் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணி.
ஆணியில் தொடங்குகிற சாக்குத் தைக்கும் சணல்
முகப்பைத் தாண்டி, வளவுத் தூண் இரண்டைச் சுற்றி,
இரண்டாங்கட்டுச் சன்னல் கம்பிக்குள் நுழைந்து
மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை
பெத்தபெருமாள் பெரியப்பச்சியின்
வலது கால் பெருவிரலில் போய் முடியும்.

தபால்காரருக்குத் தெரியும். சிலிண்டர் போடுகிறவருக்கும் தெரியும்.
ஓர் இழுப்பு என்றால் ஆள் வந்திருக்கிறது.
இரண்டு என்றால் சிகப்பி பெரியாத்தா கடைக்குப் போய்த் திரும்பிவிட்டாள்.
ஏழெட்டு என்றால் நாங்கள், பள்ளிக்கூடம் விட்டு.
ஒருநாளும் முகம் சுளித்து வந்ததில்லை.
விரலில் சணலோடு,
தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி
வாயைத் திறந்து மூடி வேடிக்கை காட்டி
நொண்டி நொண்டி வருவார்.

புதுவயல் அரிசி மில்லில் இருபத்தாறு வருசம்.
பெல்ட் நழுவப்போவதை
உள்ளங்காலால் கண்டுபிடித்துச் சொல்கிற ஆள்.
காதை அங்கேயே விட்டுவிட்டதாகச் சொல்வார்.
"தவிட்டோட போயிருக்கும்.
இப்ப எந்த மாட்டுக்குக் கேக்குதோ."

மதுரைக்குக் கூட்டிப்போய் மெஷின் வாங்கிக் கொடுத்தோம்.
ஒருநாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தார்.
காக்காயைக் கேட்டார். மிக்சியைக் கேட்டார்.
தன் செருப்புச் சத்தம் கேட்டு
யாரோ பின்னால் வருவதாகத் திரும்பிப் பார்த்தார்.
ராத்திரி கழற்றி டப்பாவில் வைக்கும்போது,
"முப்பது வருசமா என்னமோ ரகசியம் பேசுறான்னு நெனச்சேன்.
முருங்கைக்கா வெலையத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கா."
பெரியாத்தா கரண்டியை ஓங்கினாள்.
அது அவருக்கு மெஷின் இல்லாமலே கேட்டது.

அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்.
உப்பு கேட்டால்கூடப்
பக்கத்து வீட்டில் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எட்டாவது படிக்கும்போது
மீனலோசனி முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள்.
அவர் இரண்டு பன்னீர் சோடா உடைத்து
நுரை வழிய நீட்டிக்கொண்டிருந்தார்.
"யாருடீ?" என்றாள்.
"அது ஒண்ணுமில்ல. செவிடு."
குரலைத் தாழ்த்தக்கூட இல்லை நான்.
எதற்குத் தாழ்த்த வேண்டும்?
அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சிரித்தார்.
இன்னொரு சோடா வேண்டுமா என்று விரலால் கேட்டார்.

பதினோரு வருசம் கழித்து என் கல்யாணம்.
நெற்குப்பையிலிருந்து மாப்பிள்ளை வீடு வந்திறங்கி
வளவு கொள்ளாத கூட்டம், மேளம், வேர்வை.
கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து
சந்தனம் அப்பிய கையோடு
மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.
"இவுக யாரு?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மேளத்துக்கும் மேலே பெரியப்பச்சி சொன்னார்:
"நான் ஒண்ணுமில்ல. செவிடு."

என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.
எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம்.
நான் குனிந்து மாலையைச் சரிசெய்தேன்.
மாலை சரியாகத்தான் இருந்தது.

மன்னிப்பு கேட்கவில்லை.
மன்னிப்பைப் போய் எப்படிக் கத்துவது என்று
நானாக ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.
கத்தவே வேண்டியதில்லை.
சத்தமில்லாமல் உதட்டை அசைத்திருந்தால்
படித்திருப்பார்.
அதற்கப்புறம் ஒன்பது வருசம் இருந்தார், அதே வீட்டில்,
நான் வரும்போதெல்லாம் சோடா உடைத்துக்கொண்டு.

அவர் போய் ஒரு வருசம். படைப்புக்குப் போனேன்.
பஸ் மூணு மணிக்கு இறக்கிவிட்டது.
ஆணி இருந்தது. சணலும் இருந்தது.
அவிழ்க்க ஆளில்லாமல் விட்டிருப்பார்கள்,
இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும் என்றுதான்
இழுத்தேன்.
ஏழெட்டு.

வரவில்லை. அந்தப் பக்கம் கனம் இருந்தது.
சன்னல் கம்பியில் சணல் உரசுவது கேட்டது.
இத்தனை வருசத்தில் அந்தச் சத்தத்தை
இப்போதுதான் கேட்கிறேன்.

"தெரியுது, தெரியுது, வெரலப் பிச்சிராதடி"
என்று இரண்டாங்கட்டிலிருந்து கத்திக்கொண்டே
பெரியாத்தா நொண்டி நொண்டி வந்தாள்.
அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.