குப்பியைத் திறந்தவள்

உறைக்குள் இருந்த சீட்டு 'வெறும் ஊசி' என்றால்
என் வேலை குப்பியைத் திறப்பது மட்டும்.
நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி
அறையில் பரவ வேண்டும்.
மருத்துவர் கட்டைவிரலால் முதுகை அழுத்துவார்.
எதுவும் உள்ளே இறங்காது.

அன்று குப்புறப் படுத்திருந்தவர் பாவ்க்யே வீர்ஸ்மா.
எழுபத்தாறு வயது,
லேவார்டன் பக்கம் மாட்டுப்பண்ணை.
சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தவருக்கு
ஒரு தும்மல், அவ்வளவுதான்.
பன்னிரண்டாவது முள்ளெலும்பு
மழையில் நனைந்த அட்டைப்பெட்டியாய் அமுங்கிவிட்டது.

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"சிமென்ட் இறுக எவ்வளவு நேரமாகும்?"
பத்து நிமிடம், என்றேன்.
கிண்ணத்தில் இருந்தது இறுகப் பத்து நிமிடம்.
பொய்யில்லை.

ஆறு வருடம் கழித்து, உட்ரெக்டில்,
இதற்குக் காப்பீட்டுப் பணம் தரலாமா வேண்டாமா என்று
ஒன்பது பேர் கூடிய மண்டபத்தில்
அவரை மறுபடி பார்த்தேன்.
நீலக் கோட்டு. ஊன்றுகோல் இல்லை.
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.
"அந்த சிமென்ட்தான் என்னை நிமிர்த்தியது.
மூன்றாம் வாரமே கன்றுக்குப் பால் வைத்தேன்.
எனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கு மறுக்காதீர்கள்."
கைதட்டினார்கள்.

பிறகு திரையில் இரண்டு கோடுகள்.
சிமென்ட் இட்டவர்களின் வலி, இடாதவர்களின் வலி.
சண்டை போடாத இரட்டைப் பிள்ளைகள் மாதிரி
ஒரே மாடிப்படியில் சேர்ந்தே இறங்கின.
பாவ்க்யே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தன் கோட்டைத் தேடினார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்.
மூக்கைப் பற்றி எவரும் சொல்லிவைக்கவில்லை.

வாய் திறப்பதில்லை என்று கையெழுத்திட்டவள் நான்.
திறந்தால்தான் என்ன சொல்வது?
அந்தக் கன்று குடித்த பால் நிஜம்.
ரைன்டர் ஹோமாவுக்கு நான் குழைத்துக் கொடுத்த
நிஜ சிமென்ட்டும் நிஜம்;
அடுத்த எலும்பும் உடைந்து
தரையைப் பார்த்தே நடந்து முடிந்தவர்.
அவரைப் பேச அழைக்க
யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

ஏழுக்கு இரண்டு.
இனிப் பணம் இல்லை.

டிராம் நிறுத்தத்தில் அவரே வந்தார்.
"உங்கள் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார்.
"பேத்தி நகத்துக்குச் சாயம் பூசும்போதெல்லாம்
அந்த வாசனை வரும்.
உடனே முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும், பாருங்கள்."

நிமிர்ந்து காட்டினார்.
பார்த்தேன்.