கிளீட்டஸின் முடிச்சு

கணியம் பிடிக்க இங்கே மலை கிடையாது,
கோயில் கோபுரமும் கிடையாது.
சித்ரா எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்தையும்
உப்பகற்றும் நிலையத்தின் மூன்றாம் புகைபோக்கியையும்
ஒரே நேரில் நிறுத்தி
அந்தக் கோட்டிலேயே அரைமணி ஓட்டினால்
எட்டுப் பாகத்தில் பார்.
ஜிபிஎஸ் இருக்கிறது, அது முதலாளியின் எண்கள்.
தீயும் புகையும் என்னுடையவை.

நேற்று நாற்பது கூட்டில் ஏழில்தான் மீன்.
ஓரா கொஞ்சம், விளமீன் இரண்டு.
ஒன்றில் வெறும் நண்டு.
இரையைத் தின்று முடித்துவிட்டு இறங்க மறுத்தது.
ஷாபுதீன் அதனிடம் வங்காளத்தில் கெஞ்சினான்.
சிரித்தோம்.
பெட்ரோல் இருபத்தெட்டு தினார்.

மிதவை கட்டினால் திருட்டு, அதனால் கட்டுவதில்லை.
கடைசிக் கூட்டைத் தேடிக் கொக்கியை இழுத்தபோது
கனத்து வந்தது வேறொன்று.
சிப்பி அப்பிய கம்பி, ஒரு பக்கம் நசுங்கல்,
பாசி தாடியாய்த் தொங்கியது.
கதவுக்கட்டில் கை பட்டதும் தெரிந்துவிட்டது.
இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடி,
நுனியைப் பல்லால் கடித்து நசுக்கியிருந்தது.
"அவுக்கிறவன் ஏசட்டும்" என்பான்.

கிளீட்டஸ்.
போன வருசம் தை மாதம்
எஞ்சின் நின்று, காற்று தள்ளி,
கோடு தாண்டிவிட்டான்.
தண்ணீரில் கோடு எங்கே என்று
விலங்கு மாட்டிய பிறகே காட்டினார்களாம்.
இரண்டு மாதம் உள்ளே, பிறகு நேரே ஊருக்கு டிக்கெட்.
பை, படுக்கை, பங்குப்பாக்கி எல்லாம் இங்கே.
இப்போது யாரோ ஒருவரின் குளத்தில்
திலேப்பியாவுக்குத் தீனி போடுகிறான்.
"கையத் தட்டுனா வருது மக்கா, வெக்கமா இருக்கு"
என்று குரல் அனுப்பியிருந்தான்.

கூட்டுக்குள்ளே ஒரு களவா.
ஒன்பது கிலோ, உயிரோடு.
சுற்றிலும் முள்.
செத்த மீனின் வாடைக்கு அடுத்த மீன் வந்திருக்கிறது,
அது செத்த வாடைக்கு அதற்கடுத்தது.
இரை போட ஆளில்லாமல் பதினான்கு மாதம்
வேலை செய்திருக்கிறது.
விசா கேட்காத கூலிக்காரன்.

கடல் தந்தது, ஐந்தாய்ப் போடு என்றான் ஷாபுதீன்.
கம்பி முதலாளி காசு என்றான் மரியதாசன்.
முடிச்சு யாருடையது என்று கேட்டான் ஜெனிஸ்,
எங்களில் சின்னவன்.
யாரும் சத்தம் போடவில்லை.
களவா வாயைத் திறந்து திறந்து மூடியது,
அதற்கும் ஒரு கருத்து இருப்பதுபோல.

கிலோ நாலரைக்குப் போனது.
பாதி முதலாளிக்கு.
மீதியை ஆறாகப் பிரித்தோம்.
பங்குக்கு மூன்று தினாரும் சில்லறையும்.
ஊருக்கு அனுப்பும் கூலி ஒன்றரை.
ஆறாவது பங்கை மரியதாசன்
தீப்பெட்டியில் மடித்து வைத்திருக்கிறான்,
கூடச் சேரட்டும் என்று.
எது சேரும் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால், கடலிலேயே,
கூட்டை என்ன செய்வதென்று நின்றேன்.
நசுங்கலைத் தட்டினால் நாற்பத்தோராவது ஆகும்.
கம்பி என்ன விலை விற்கிறது!
முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.
நகம் போனது.
ஏசினேன், அவன் சொன்னபடியே.
பிறகு குறடு எடுத்து
முடிச்சை விட்டுவிட்டு
கதவைச் சுற்றிலும் வெட்டினேன்.
வருகிற மீன் போகட்டும் என்று
திறந்தபடி இறக்கினேன்.
எண்ணைப் பதியவில்லை.

இரவு அவனுக்குச் சொன்னேன்,
களவா, கிலோ, ஆறாவது பங்கு எல்லாம்.
விடியும்போது பதில் வந்தது.
பின்னால் குளத்து மோட்டார் ஓடுகிற இரைச்சல்.
காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"எட்டுப் பாகத்துலயா?
தீயும் மூணாம் கொழலும் நேரா நிக்கிற எடம்?
நான் அப்பவே சொன்னேம்லா மக்கா,
அங்க பாரு உண்டுன்னு."