பதினைந்தாவது வரி

மண்டபம் முகாமில் எனக்கு முதலில் கிடைத்த வேலை
ஒரு கதவு.
கயிறும் சங்கிலியும் அடைந்து கிடந்த அறையைக் கழுவிவிட்டு
‘பெண்கள்’ என்று எழுதச் சொன்னார்கள்.
அதுவரை அந்த ஜெட்டியில்
அந்தச் சொல்லுக்கு வேலை இருந்ததில்லை.

கப்பலில் கழிப்பறை இல்லை என்றே
ஒன்பது வருஷம் அவரைக் கரையில் வைத்தார்களாம்:
டீசல் கணக்கு, அரிசிக் கணக்கு,
அணிவகுப்புக்கு மாலைக் கணக்கு.
பிறகு ஒரு சின்ன ரோந்துக் கப்பல்,
பிறகு பெரியது,
பிறகு இந்தக் கரை முழுதும்.
டி.ஐ.ஜி. ஜெரோமினா பர்னாந்து. மூக்கையூர்க்காரர்.

அடுத்த வேலை, பதவிப் பலகை.
தேக்கில் பொன்னெழுத்து, மேலே பதினான்கு ஆண்கள்.
நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு
‘திருமதி’ சேர்க்கவா என்றேன்.
கோப்பிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
“மேல யாருக்காவது ‘திரு’ இருக்கா, பெயிண்டர்?”
பெயர் நீளம், இடம் காணவில்லை.
“எழுத்தைக் குறைக்காதீங்க.
இடைவெளியைக் குறைங்க.”

அந்த வாரம்தான்
மச்சான் ஹபீபின் படகைப் பிடித்தார்கள்.
ஐஸ் பெட்டிக்கடியில் நாற்பது கிலோ கடல் அட்டை.
உள்ளே போகிறவன்தானே, ஒரு வார்த்தை சொல்லேன் என்று அக்கா அழுதாள்.
சொன்னேன், சொட்டும் பிரஷ்ஷோடு.
“எங்கப்பாவும் அட்டை குளிச்சவர்தான்.
தடை வந்த வருஷம் வள்ளத்தை வித்துட்டு
உப்பளத்துக்குப் போனார்.”
அவ்வளவுதான்.
படகு இன்னும் முகாம் மணலில் கிடக்கிறது,
அதன் பதிவெண்ணும் நான் எழுதியது.

ஐப்பசியில் ஓர் இரவு
கொண்டல் புரண்டடித்து ஆறு படகு திரும்பவில்லை.
ஜெட்டியில் பெண்கள், நடுவில் அக்கா,
அவரைத் திட்டித் திட்டித் தேய்ந்த வாயோடு.
விடியுமுன் ஹோவர்கிராஃப்ட் மணலேறியது.
எண்ணி எண்ணி இறக்கினார்: இருபத்து மூன்று.
இருபத்து நான்காவதைத்
தார்ப்பாயில் சுற்றி, தலைப்பக்கம் அவரே பிடித்து வந்தார்.
தொப்பி விழுந்தது.
அக்காதான் எடுத்தாள். மணலைத் தட்டினாள்.
நீட்டியபோதும் மன்னிக்கவில்லை.
அவரும் அதைக் கேட்கவில்லை.

நேற்று மாற்றல்.
பதினைந்தாவது வரிக்கு முடிவுத் தேதி எழுதினேன்.
பதினாறாவது, ஓர் ஆண். சின்னப் பெயர்.
வரியில் பாதி மரம் சும்மா கிடக்கிறது.

உப்புக் காற்று பொன்னையும் தின்னும்,
பதினாறு பேரையும் ஒன்றுபோல.
தை பிறந்தால் மறுபூச்சுக்குக் கூப்பிடுவார்கள்.
கூலி எழுத்துக் கணக்கு.
அவர் வரிக்குத்தான்
எனக்கு அதிகம்.