தீவில் பாம்பு இல்லை

ஃபாரோ தீவுகளில் பாம்பு கிடையாது.
பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லித்தந்தார்கள்.
மீன் ஏலக்கூடத்துக் கணினியில் மட்டும்
நான்கு பைதான்கள்.

ஒன்று இயங்குதளத்தோடு கூடப்பிறந்தது.
ஒன்று தராசுக்காக, எனக்கு முன்பிருந்த ஹோக்னி போட்டது;
அவன் இப்போது எண்ணெய்க் கப்பலில்,
தொலைபேசியை எடுப்பதில்லை.
ஒன்று என்னுடையது.
நான்காவதை யார் நிறுவினார்கள் என்று கேட்டால்
எல்லோரும் காபி ஊற்றப் போய்விடுகிறார்கள்.

'பைதான்' என்று தட்டினால்
பாதைப் பட்டியலில் எவர் முன்னால் நிற்கிறாரோ
அவர்தான் உம் கொட்டுவார்.
துறைமுகத்தில் "யாக்குப்!" என்று கத்திப் பாருங்கள்,
ஐந்து கம்பளித் தொப்பிகள் திரும்பும்.
அதனால் ஆளோடு வீட்டையும் ஒட்டிக் கூப்பிடுகிறோம்:
ஓடைக்கரை யாக்குப், மேல்வீட்டு யாக்குப்.
மூன்று புள்ளி எட்டு என்பதும்
ஒரு வீட்டின் பெயர்தான்.
தராசு அந்த வீட்டாரோடு மட்டும்தான் பேசும்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று
பழையதாகத் தெரிந்த ஒன்றை அழித்தேன்.
திரை ஒருமுறை இமைத்தது.
கீழ்ப்பட்டை போயிற்று, சாளரங்கள் போயின,
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது.
மரமே இல்லாத ஊரில்
உட்கார்ந்த கிளையை வெட்டியிருக்கிறேன்.

நாலு மணிக்குப் படகு. பதினோரு டன் கோட்.
பாருர் அட்டைப்பெட்டியைக் கிழித்து எடை எழுதினான்.
ஈரத்தில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்;
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
"ரன்வா, உன் பாம்பு செத்துப்போச்சா?"
என்று மட்டும் கேட்டான்.

அழித்ததைத் திரும்ப வைக்க இரண்டு நாள்.
இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை, தனிப் பூட்டு.
இயங்குதளத்தின் பைதான் இருக்கும் பக்கம்
நான் தலைவைத்தும் படுப்பதில்லை.

பிறகு, முகம் தேடினேன்.
க்யூட்டி அழகு. நிழல் விழும் பொத்தான்கள்.
மேலாளர் அதன் உரிமத்தை இரண்டுமுறை வாசித்துவிட்டு
வக்கீலுக்கு அனுப்பினார்.
வக்கீல் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.
ஜிடிகே என் வீட்டு லினக்ஸில் மகாராணி,
கணக்குப்பிரிவு விண்டோஸில்
இரவல் கோட்டு மாட்டிய விருந்தாளி.
உலாவியை வயிற்றுக்குள் வைத்திருந்த ஒன்று
ஒரே ஒரு எண்ணைக் காட்ட
நினைவகம் மொத்தத்தையும் தின்று ஏப்பம் விட்டது.

கடைசியாக வந்தது, விளையாட்டுக்காரர்களுக்கானது,
எழுத்துருவையும் தானே சுமந்து வந்தது.
அதில் பாருரின் பெயர் நடுவே
ஒரு காலிக் கட்டம்.

முதுகு வளைந்து, கழுத்தில் சின்னக் கீறலோடு
எங்கள் மொழியில் ஒரு எழுத்து உண்டு.
எழுதுவோம். வாய்திறந்து சொல்லமாட்டோம்.
"சத்தமில்லாத எழுத்துதானே" என்றேன்.
கையுறையைக் கழற்றாமல் கட்டத்தைத் தட்டினான்:
"காலிப் பெட்டியின் எடையையும்தான்
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
கழிக்க மறந்து பார்."

டிகே எடுத்தேன்.
மொழியோடு கூடவே வருவது.
சாம்பல் நிறம், தொண்ணூறுகளின் வரிவிதிப்பு அலுவலகம் மாதிரி.
மகள் பார்த்துவிட்டு, "இது உடைந்திருக்கிறதா?" என்றாள்.
பொத்தானை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினேன்,
ரப்பர் கையுறை அழுத்தினால் அழுந்த வேண்டும்.
அந்த எழுத்து வந்து உட்கார்ந்தது,
கழுத்துக் கீறல் உட்பட.

இன்று நாலே காலுக்கு முதல் பெட்டி ஏறியது.
பாருர் தன் பெயரைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை, 'சரி'யை அழுத்தினான்.
திரையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

நான்காவது பைதான் இன்னும் அங்கேயே கிடக்கிறது.
இரண்டுமுறை அழிக்கப் போனேன்.
எந்தக் கொட்டகையில், எந்தக் குளிர்பதன அறையில்,
எது அதைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறதோ.
காபி ஊற்றிக்கொள்ளப் போகிறேன்.