ஸ்பானர் கழன்ற வியாழன்

வியாழன் இரவு ஒன்பதுக்கு
ஹில்க்காவின் வீட்டில் கூடுவோம்.
ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
வாசலில் நான்கு ஜோடி நனைந்த பூட்ஸ்,
மேசையில் உப்பு அதிமதுர மிட்டாய்.
துர்க்கு கப்பல்தளத்தில்
பகலெல்லாம் நாங்கள் கட்டுவது கடலில் போகும்.
இரவில் பார்ப்பது விண்ணில்.
இரண்டிலும் குழாய் குழாய்தான்.

அதனால்தான் டாவ்ரினைப் பிடித்தது.
முதல் பருவத்தில்,
உலை வெடிக்க ஏழு நிமிடம் இருக்கையில்
அவள் அலறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.
குழாய்களுக்கு இடையே நுழைந்து
ஒவ்வொரு வால்வாகக் காது வைத்துக் கேட்டாள்.
எழுந்தே விட்டாள் ஹில்க்கா,
இருபது வருடம் கிரேன் ஓட்டியவள்:
"சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் பார்!
இதை எழுதியது யாரோ,
ஒரு நாளாவது உடம்பு வளைந்து வேலை பார்த்திருக்கணும்."

இப்போது நான்காம் பருவம்.
எழுதும் கை மாறிவிட்டது போல.
டாவ்ரினின் முடி நீண்டிருக்கிறது.
பொறி பறக்கிற அறையில் விரித்துப் போட்ட கூந்தல்.
எங்கள் தளத்தில் அப்படி வந்தால்
மேஸ்திரி வீட்டுக்கு அனுப்புவார்,
இல்லையென்றால் ஆம்புலன்ஸ் கூட்டிப்போகும்.

கேப்டன் ப்ரென்னோ கதவில் சாய்ந்து நிற்கிறார்.
அவருக்கொரு சோகம் உண்டு.
எல்லா கேப்டனுக்கும் உண்டு:
செத்துப்போன மனைவி,
நீல வெளிச்சத்தில் அவள் சிரிக்கும் படம்.
அந்த மனைவி உயிரோடு இருந்தபோது
என்ன வேலை பார்த்தாள்?
நான்கு வருடமாகக் கேட்கிறோம்.

டாவ்ரின் திரும்புகிறாள்.
கையிலிருந்து நழுவுகிறது ஸ்பானர்.
எடையில்லாத அறை, அதனால்
மெல்ல மெல்லச் சுழன்று மிதக்கிறது.
கூந்தல் மட்டும் ஒழுங்காகத் தோளில் கிடக்கிறது.
வயலின்.

காதலில் கைவளை கழலும் என்பார்கள்.
ஸ்பானருமா கழலும்?

மார்கெட்டா மிட்டாயைத் திரையில் எறிந்தாள்.
ஹில்க்கா சொன்ன வார்த்தையை
இங்கே எழுத மாட்டேன்.
"எனக்குப் பிடிச்சிருந்தது,"
என்றாள் சைமி. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்,
இன்னும் கையுறையின் மஞ்சள் போகாதவள்.
"அவளுக்குக் காதல் வரக் கூடாதா?"

யாரும் பேசவில்லை.

வரக் கூடாது என்று யார் சொன்னது, பெண்ணே.
அடித்தட்டுத் தொட்டிக்குள்,
தவழ்ந்து மட்டுமே போக முடிந்த இடத்தில்
நான் ஒரு மூட்டைப் பற்றவைத்தேன்.
ரைமோ விளக்குப் பிடித்தார்.
ஐந்து மணி நேரம். ஒரு சொல் இல்லை.
ஒரு கை மரத்துப்போனபோது
மறுகைக்கு மாற்றினார்,
வெளிச்சம் இம்மி அசையாமல்.
அந்த மாற்றலில்தான் எனக்கு வந்தது.
வந்தபோதும்
என் கையில் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.
மூட்டு இன்றைக்கும் கரீபியன் கடலில் எங்கோ
கசியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சைமியிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாய் வரவில்லை.
"வேலையைப் பாதியில் விட்டுட்டாளே,"
என்று மட்டும் சொன்னேன்.
அதுவே அதிகம், எங்கள் ஊருக்கு.

ஹில்க்கா தொலைக்காட்சியை அணைத்தாள்.
அடுத்த வாரம் வர மாட்டேன் என்றாள் மார்கெட்டா,
தன் வீட்டில் நடப்பதை
ஹில்க்காவா நிறுத்தப்போகிறாள் என்பதுபோல் சிரித்தோம்.
மூன்றாம் பருவத்தில் அந்த வைத்தியச்சியைக் கொன்றபோதும்
இதையேதான் சொன்னாள்.

பூட்ஸுக்குள் கால் நுழைத்தபடி சைமி கேட்டாள்:
"அப்புறம் அந்த வால்வு?
முத்தம் கொடுத்தாங்க, சரி.
அதை யார் மூடினது?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
யாரும் மூடவில்லை.
கதையும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
அந்தக் கப்பல் எந்தக் கணக்கிலும்
வெடித்துச் சிதறியிருக்க வேண்டியது.

படிக்கட்டில் விளக்கு அணைந்திருந்தது.
இரண்டாம் மாடி வெந்நீர்க் குழாய்
டொக் என்றது,
கொஞ்சம் விட்டு மறுபடி, டொக்.
சைமி நின்றாள்.
தொப்பியைக் கழற்றி,
முடியை ஒரு கையால் ஒதுக்கி,
சுவரோரக் குழாயில் காதை வைத்தாள்.
நாங்கள் இருட்டில்
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.