கடைசி மொழி

"பூனை. பெயர் பிஸ்கற். வயது பதினொன்று.
கட்டிலில் மூத்திரம் பெய்கிறது."
படிவத்தை நிரப்பிவிட்டுக் குகநேசன் சொன்னார்:
பழக்கம் கெட்டுப் போச்சு டொக்டர்,
இப்ப கடிக்கவும் வருது.

பிடித்துக்கொள்வது என் வேலை.
முன்கால்கள் மேசையில் பதிய மறுத்து
மாறி மாறி எழும்பின,
வெயிலேறிய கோயில் வீதியில்
செருப்பைத் தொலைத்தவரைப்போல.

டொக்டர் ஜெயரூபி எக்ஸ்ரேயை
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
நகம் எடுத்ததெண்டு சொன்னீங்கள்.
நகமில்லை இது,
விரலின்ர கடைசி மொழி.
பத்து விரலிலும் தறிச்சிருக்கு.
விட்டுப்போன எலும்பு உள்ளுக்க முளைச்சு,
சப்பாத்துக்குள்ள கல்லுப்போல.
மண்ணைக் கிளறினா நோகும்.
மெத்தை நோகாது.

கொக்குவில் ரயில் ஒன்று கடந்து முடியும்வரை
அவர் பேசவில்லை.
சோபா, என்றார் பிறகு.
ஸ்காபரோவில. தோல் சோபா.
வரேக்க அதை
அறுபது டொலருக்குக் குடுத்திட்டம்.

வியாழன் அறுவை.
கிண்ணத்தில் எட்டுத் துண்டு,
குறுணல் அரிசியளவு.
சுருண்டுபோன நாண்களை இழுத்துத் தைத்தார்.
கையுறையைக் கழற்றியபடி,
நகம் வராது, என்றார்.
நோ போகும்.

பன்னிரண்டாம் நாள்
தையல் பிரிக்க வீட்டுக்குப் போனேன்.
முருங்கையின் கவரில் ஊர்ப்பூனை ஒன்று
வாலைத் தொங்கவிட்டிருந்தது.
கீழே பிஸ்கற்
அடிமரத்தில் முன்கால்களை ஊன்றி
இழுத்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு
இன்னொரு தரம் இழுத்தது.
பட்டையில் ஒரு கீறலும் இல்லை.

குகநேசன் அதைப் பார்க்கவில்லை.
உள்ளே வாங்கோ, உள்ளே வாங்கோ, என்று
குளியலறை மூலைக்குக் கூட்டிப்போய்
மண்பெட்டியைக் காட்டினார்:
கிளறி மூடிய மண்,
நடுவில் ஓர் ஈரம்.